பிரிந்து போகும் குடும்பத்துக்கும் துணை வேண்டும்: வன்னியில் விவாகரத்தும் சட்டத்தரணிகளும் உளவளத்துணையாளர்களும்

வன்னியில் ஒரு குடும்பம் பிரிகிறது என்றால், அந்தப் பெண் தன் கதையை எத்தனை இடத்தில் சொல்ல வேண்டியிருக்கிறது என்று ஒருமுறை எண்ணிப் பாருங்கள். முதலில் தாய் வீட்டில். பிறகு ஊர்ப் பெரியவர்களிடம், கிராம அலுவலரிடம். பொலிஸ் நிலையத்தின் சிறுவர், பெண்கள் பிரிவில் ஒருமுறை. பிரதேச செயலகத்தில் பெண்கள் அபிவிருத்தி உத்தியோகத்தரிடம் ஒருமுறை, அடுத்த மேசையில் உளவளத்துணை உத்தியோகத்தரிடம் இன்னொருமுறை. அதன்பிறகு சட்டத்தரணியிடம். கடைசியாக, முன்பின் தெரியாதவர்கள் நிறைந்த நீதிமன்றத்தில்.

ஒவ்வொரு இடத்திலும் அவளிடம் கேட்பது வேறு. கிராம அலுவலருக்கு வதிவிடம் வேண்டும். பொலிஸுக்குக் காயம் வேண்டும். ஆலோசனை சொல்பவர் பொறுமையைக் கேட்கிறார். சட்டத்தரணி குற்றத்தைக் கேட்கிறார். எட்டாவது முறை சொல்லும்போது அது அவளுடைய கதையாகவே இருப்பதில்லை. கணவனும் தன் பங்குக்கு ஒரு கதையை இதேபோல இடம் இடமாகச் சொல்லிக்கொண்டு திரிகிறான். நாளைக்குப் பிள்ளையை யார் பள்ளிக்கூடம் கூட்டிப் போவது, எந்த வீட்டில் யார் படுப்பது, கூட்டாக எடுத்த கடனை யார் கட்டுவது என்ற கேள்விகளை யாரும் கேட்பதில்லை. அவை தீர்ப்புக்குப் பிறகு பார்க்கவேண்டியவை என்று ஒதுக்கப்படுகின்றன. ஆனால் குடும்பத்தை உடைப்பது பெரும்பாலும் அந்தக் கேள்விகள்தான்.

விவாகரத்தைப் பற்றி எம்மிடையே எழுதப்படுவதில் பெரும்பகுதி அதை எப்படித் தடுப்பது என்பது பற்றியது. இந்தக் கட்டுரை அதைப் பற்றியதல்ல. பிரிவது என்று முடிவாகிவிட்ட குடும்பம், அல்லது முடிவு எடுக்கவே வழியில்லாமல் நிற்கும் குடும்பம், அதிலிருந்து குறைந்த சேதத்தோடு வெளியே வர, வழக்கைக் கையில் எடுக்கும் சட்டத்தரணியும் மனதைக் கையில் எடுக்கும் உளவளத்துணையாளரும் என்ன செய்யலாம் என்பது பற்றியது.

சட்டத்தில் இருந்து தொடங்குவோம். இலங்கையில் பொதுச் சட்டத்தின் கீழ் திருமணம் செய்தவர்கள் விவாகரத்துப் பெறுவதற்கு 1907ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கத் திருமணப் பதிவுக் கட்டளைச் சட்டம் மூன்றே மூன்று காரணங்களைத்தான் ஏற்றுக்கொள்கிறது. திருமணத்துக்குப் பின்னரான பிறர்மனைத் தொடர்பு, வன்மத்துடன் கைவிட்டுச் செல்லல், திருமணம் நடந்தபோதே இருந்த தீராத பாலியல் இயலாமை. அவ்வளவுதான். அடிப்பது தனிக் காரணம் அல்ல. குடிப்பது காரணம் அல்ல. இருவருக்கும் ஒத்துவரவில்லை, இருவருமே பிரிய விரும்புகிறோம் என்பது காரணமே அல்ல. குடியியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையில் ஏழு ஆண்டுகள் பிரிந்து வாழ்ந்தவர்கள் பற்றிய ஏற்பாடு ஒன்று இருக்கிறது. ஆனால் யாரோ ஒருவர் பக்கம் தவறு இருக்கவேண்டும் என்ற அடிப்படையை அது மாற்றிவிடவில்லை என்று 1986இல் உயர் நீதிமன்றம் தென்னகோன் வழக்கில் தீர்த்துவிட்டது.

இதே நாட்டில் கண்டிச் சட்டத்தின் கீழ் திருமணம் செய்த சிங்களத் தம்பதியினர், 1952ஆம் ஆண்டின் 44ஆம் இலக்கச் சட்டப்படி, இருவரும் உடன்பட்டால் மாவட்டப் பதிவாளரிடம் போய்ப் பிரிந்து வரலாம். நீதிமன்றப் படி ஏறத் தேவையில்லை. இந்தியாவில் 1976ஆம் ஆண்டு முதல் இந்துத் திருமணச் சட்டத்தில் பரஸ்பர சம்மத விவாகரத்து இருக்கிறது. பரந்தனிலோ புதுக்குடியிருப்பிலோ நெடுங்கேணியிலோ இருக்கும் தம்பதிக்கு அந்த வசதி இல்லை. ஒருவரை ஒருவர் குற்றவாளி ஆக்கித்தான் பிரியவேண்டும். சட்டத்தைத் திருத்தவேண்டும் என்ற பேச்சு கொழும்பில் இடைக்கிடை எழுகிறது, வரைவுகள் தயாராகின்றன, பிறகு அடங்கிவிடுகிறது. தமிழ் அரசியல் மேடைகளில் அந்தப் பேச்சுக்கூட எழுவதில்லை என்பதையும் சொல்லித்தான் ஆகவேண்டும்.

குற்றம் தேடும் சட்டம் ஊருக்குள் வந்து என்ன செய்கிறது? முறைப்பாட்டின் பிரதியை அழைப்பாணையோடு பிஸ்கால் உத்தியோகத்தர் வீடு தேடிக் கொண்டுவந்து கொடுப்பார். யார் வீடு என்று சந்திக் கடையில் விசாரித்துத்தான் வருவார். அன்று பின்னேரத்துக்குள் அதில் எழுதியிருப்பது பாதி ஊருக்குத் தெரிந்துவிடும். மனைவிக்கு வேறு தொடர்பு என்று ஒரு வரி இருந்தால், அது அவளோடு நிற்காது. அவளுடைய தங்கையின் சம்பந்தம் குழம்பும். பதினைந்து வயது மகன் அந்தக் கடதாசியை எடுத்து வாசிப்பான். வழக்கு முடிந்துவிடும்; வாசித்தது முடியாது.

இந்த இடத்தில் சட்டத்தரணிக்குத் தெரிவு இருக்கிறது. சட்டம் கேட்கும் அளவுக்கு மட்டும் எழுதுவதா, கட்சிக்காரரின் கோபம் கேட்கும் அளவுக்கு எழுதுவதா என்பது அவர் கையில். கைவிட்டுச் செல்லல் என்ற காரணம் போதுமான இடத்தில் நடத்தை பற்றிய பத்துப் பந்திகள் தேவையில்லை. வீட்டை விட்டுப் போனவர் ஒருவர், போகும்படி ஆக்கியவர் மற்றவர் என்றால், அப்படி ஆக்கியதையே கைவிடுதலாகச் சட்டம் கருதக்கூடும். அடி தாங்காமல் தாய் வீட்டுக்கு வந்த பெண்ணுக்கு இது முக்கியமானது. நான்தானே வெளிக்கிட்டு வந்தேன், ஆகவே பிழை என்னுடையது என்று அவள் நினைத்துக்கொண்டிருப்பாள்.

இன்னொரு விடயம். இல்லாத குற்றத்தை இருவருமாகச் சேர்ந்து சோடித்து நீதிமன்றத்துக்குக் கொண்டுபோவது சட்டப்படி கூட்டுச்சதி, வழக்கையே கெடுக்கும். ஆனால் பிள்ளைகள் யாரிடம், செலவு எவ்வளவு, காணி யாருக்கு என்பதை இருவரும் முன்கூட்டியே பேசி உடன்பட்டு, அதை நீதிமன்றத்தின் முன் வைப்பது சதி அல்ல. இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் தெரியாததால், எதிர்த்தரப்போடு பேசினாலே வழக்குப் பழுதாகிவிடும் என்று பயந்து பலர் வாயை மூடிக்கொள்கிறார்கள். அமெரிக்காவின் மினசோட்டாவில் 1990இல் ஸ்டூ வெப் என்ற குடும்ப வழக்கறிஞர், இனி நீதிமன்றத்தில் சண்டைபிடிக்க வரமாட்டேன், இருதரப்பும் இருந்து பேசித் தீர்க்கும் வேலையை மட்டும் செய்வேன் என்று அறிவித்தார். அதிலிருந்து வளர்ந்த முறையில் வழக்கறிஞர்களும் உளவளத்துணையாளரும் ஒரே மேசையில் இருக்கிறார்கள். அதை அப்படியே தூக்கி இங்கே வைக்க முடியாது. ஆனால் இரு சட்டத்தரணிகள் வழக்குத் தாக்கல் செய்வதற்கு முன் பிள்ளைகளைப் பற்றி மட்டும் ஒரு மணிநேரம் பேசுவதற்குப் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை.

விவாகரத்து வேறு, பராமரிப்பு வேறு. இதைத் தெளிவாகச் சொல்வதே பாதி உதவி. 1999ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கப் பராமரிப்புச் சட்டத்தின் கீழ் நீதவான் நீதிமன்றத்தில் தனியாக விண்ணப்பிக்கலாம். விவாகரத்து வழக்குப் போடவேண்டிய கட்டாயம் இல்லை. பிள்ளைக்குப் பராமரிப்புக் கேட்க, பெற்றோருக்கிடையில் பதிவுத் திருமணம் நடந்திருக்கவேண்டும் என்பதும் இல்லை. 18 வயது தாண்டிய பிள்ளை தன்னைத்தானே பராமரிக்க முடியாத நிலையில் இருந்தால் 25 வயது வரை கேட்கலாம். அங்கவீனமான பிள்ளைக்கு அந்த வயதெல்லை இல்லை. செல் பட்டுக் கால் இழந்த, பார்வை இழந்த பிள்ளைகள் இருக்கும் எங்கள் மாவட்டங்களில் இந்தக் கடைசி ஏற்பாடு பலருக்குத் தெரியாமலே கிடக்கிறது.

அதே சட்டத்துக்குள் ஒரு குழியும் இருக்கிறது. கணவனும் மனைவியும் பரஸ்பர சம்மதத்தோடு பிரிந்து வாழ்ந்தால், வாழ்க்கைத் துணைக்குப் பராமரிப்புக் கட்டளை கிடைக்காது. பிள்ளைகளின் உரிமை அதனால் போய்விடாது. மனைவியின் உரிமை போய்விடும். இனி ஆளுக்காள் தொந்தரவு இல்லை, இருவரும் விரும்பிப் பிரிகிறோம் என்று எழுதிக் கையெழுத்து வாங்கிப் பிரச்சினையை முடித்துவைக்கும் பழக்கம் எங்களிடம் இருக்கிறது. முடித்துவைப்பவர்கள் நல்லெண்ணத்தோடுதான் செய்கிறார்கள். அந்த ஒற்றைக் கடதாசி பின்னால் வழக்கில் எதிர்த்தரப்பின் கையில் ஆயுதமாக வரும் என்பது அவர்களுக்குத் தெரியாது. அதிலும் அந்தக் கடதாசி சிங்களத்தில் எழுதப்பட்டிருந்தால், என்னத்தில் கையெழுத்து வைத்தோம் என்பது வைத்தவருக்கே தெரியாது. சட்டத்தரணியைக் காணும் முன் எந்தப் பிரிவுக் கடிதத்திலும் கையெழுத்து வேண்டாம் என்பதை ஒவ்வொரு கிராம அலுவலரும், ஒவ்வொரு மாதர் சங்கத் தலைவியும் சொல்லப் பழகவேண்டும். விவாகரத்தை நீதிமன்றம் மட்டும்தான் வழங்கமுடியும். பொலிஸுக்கோ இணக்கசபைக்கோ கோயில் சபைக்கோ அந்த அதிகாரம் கிடையாது.

அடுத்தது காணி. யாழ்ப்பாணத்தில் விவாகரத்து என்றால் சீதன உறுதியைப் பற்றிப் பேச்சு வரும். வன்னியில் பேச்சு பேர்மிட்டைப் பற்றியது. இரணைமடுவின் கீழும் முத்தையன்கட்டின் கீழும் குடியேற்றத் திட்டங்களில் இருப்பவர்களில் பெருந்தொகையானோரிடம் இருப்பது காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வழங்கப்பட்ட அனுமதிப்பத்திரம். குடும்பத் தலைவர் என்ற பெயரில் அது பெரும்பாலும் ஆணின் பெயரில் இருக்கும். பிரதேச செயலாளரின் முன்அனுமதி இல்லாமல் அதைக் கைமாற்ற முடியாது. நினைத்தபடி துண்டு போடவும் முடியாது. இந்திய வீட்டுத்திட்டத்தில் கிடைத்த வீட்டைக் கல் சுமந்து, கூலிக்காரருக்குச் சமைத்துப் போட்டு, நகையை அடகு வைத்துக் கட்டி முடித்தவள் மனைவியாக இருப்பாள். வீடு நிற்பது கணவனின் பேர்மிட் காணியில். பிரிந்தால் வீட்டோடு சேர்த்து அவன் இருப்பான், பிள்ளைகளோடு சேர்த்து அவள் வெளியேறுவாள்.

2022ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் இந்தக் காணிகளின் பின்னுரிமையில் மூத்த ஆண் பிள்ளைக்கு இருந்த முன்னுரிமையை நீக்கியது. நல்ல மாற்றம். ஆனால் அது இறப்புக்குப் பின்னரான விடயம். உயிரோடு பிரிபவளுக்கு அது உதவாது. விவாகரத்துத் தீர்ப்பு முற்றானதும் அவள் துணைவி என்ற தகுதியையும் இழக்கிறாள். ஆகவே வழக்குப் போடும் முன் காணிக் கச்சேரிப் பக்கமும் போகத் தெரிந்த சட்டத்தரணி வேண்டும். பிள்ளை ஒருவரைப் பின்னுரித்தாளியாகப் பெயர் குறிக்கச் செய்யலாம், அது பின்னர் மாற்றப்படக்கூடியது என்பதையும் சொல்லி. பிள்ளைகள் வளரும்வரை தாய் வீட்டில் இருப்பதற்கான ஏற்பாட்டை நீதிமன்றத்தின் முன் உடன்பாடாக வைக்கலாம்.

சொந்த உறுதிக் காணி உள்ளவர்களுக்குத் தேசவழமை வருகிறது. 1911ஆம் ஆண்டின் யாழ்ப்பாணத் திருமண உரிமைகள், வழியுரிமைக் கட்டளைச் சட்டப்படி, மனைவி தன் சொந்த அசையாச் சொத்தை விற்கவோ ஈடு வைக்கவோ கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். கணவன் கைவிட்டுப் போய்விட்டாலும், எங்கே என்று தெரியாவிட்டாலும், காரணமில்லாமல் மறுத்தாலும் மாவட்ட நீதிமன்றத்தில் விண்ணப்பித்து அந்தச் சம்மதத்துக்குப் பதிலான அனுமதியைப் பெற முடியும். அதற்கு விவாகரத்து வரை போகத் தேவையில்லை. மலையகத்தில் இருந்து 1958, 1977 கலவரங்களுக்குப் பின் வன்னிக்கு வந்து குடியேறிய குடும்பங்களுக்குத் தேசவழமை பொருந்துமா என்பது வேறு கேள்வி. வடக்கில் இருக்கும் தமிழர் எல்லோருக்கும் அது பொருந்தும் என்று எடுத்த எடுப்பில் சொல்லிவிட முடியாது.

இதுவரை சொன்னதெல்லாம், திருமணம் ஒன்று நடந்ததற்குக் கடதாசி இருக்கிறது, கணவன் எங்கே இருக்கிறான் என்பது தெரியும் என்ற எண்ணத்தில் சொன்னது. வன்னியில் இந்த இரண்டும் இல்லாத குடும்பங்கள் எத்தனை!

2006க்குப் பிறகு ஆட்சேர்ப்புக்குப் பயந்து பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு அவசர அவசரமாகத் தாலி கட்டிவைத்த காலத்தை நாங்கள் கடந்து வந்திருக்கிறோம். பதினாறு வயதுப் பிள்ளைக்குப் பதினெட்டு வயதுப் பொடியன். 1995ஆம் ஆண்டில் இருந்தே சட்டப்படியான வயது பதினெட்டு என்பதால் அவற்றைப் பதியவும் முடியவில்லை. வேறு சிலர் விடுதலைப் புலிகளின் நிர்வாகத்தில் எழுத்து எழுதினார்கள்; அரசின் முன் அந்தப் பதிவு செல்லாது. முறையாகப் பதிந்தவர்களின் கடதாசிகளும் மாத்தளன், முள்ளிவாய்க்கால் பதுங்குகுழிகளில் உடுப்புப் பையோடு போய்விட்டன. ஏறத்தாழ மூன்று இலட்சம் பேர் மெனிக்பாம் உள்ளிட்ட முகாம்களுக்குள் வந்தபோது, யார் யாருக்குக் கணவன், யார் யாருக்குப் பிள்ளை என்பதையே வாய்ச்சொல்லில்தான் பதிந்தார்கள். அந்த அவசரத் திருமணங்களில் பல இன்று உடைகின்றன. கட்டாயத்தில் சேர்த்துவைக்கப்பட்ட இரண்டு பிள்ளைகள் வளர்ந்து ஒருவரை ஒருவர் பார்க்கிறார்கள். இதில் பெரிய ஒழுக்கக்கேட்டைத் தேடுபவர்களுக்கு நான் சொல்வதற்கு ஒன்றுமில்லை.

இப்படி வருபவருக்கு விவாகரத்து வழக்கே தேவையா என்பதைத்தான் சட்டத்தரணி முதலில் பார்க்கவேண்டும். சட்டப்படி திருமணமே இல்லையென்றால் கலைப்பதற்கு ஒன்றுமில்லை. அதேநேரம் பதிவு இல்லை என்பதற்காகத் திருமணம் இல்லை என்று உடனே சொல்லிவிடவும் முடியாது. வழக்கப்படி தாலி கட்டி, கணவன் மனைவியாக ஊரறிய வாழ்ந்ததை இலங்கைச் சட்டம் திருமணமாக ஊகிக்கும். இதில் ஒரு பிழையான ஆலோசனை, பின்னால் செய்யும் மறுமணத்தையே செல்லாததாக்கிவிடும்.

காணாமல் ஆக்கப்பட்டவர்களின் மனைவிமார் பற்றிப் பேசும்போது சட்டம் வாயடைத்து நிற்கிறது. 2017 பெப்ரவரி 20ஆம் திகதி கிளிநொச்சியில் கந்தசுவாமி கோயிலடியில் தொடங்கிய போராட்டத்தில் தாய்மாரோடு மனைவிமாரும் இருந்தார்கள். இறுதி நாட்களில் வட்டுவாகலில் கணவனைக் கையளித்தவள், அன்று இருபத்தைந்து வயது என்றால் இன்று நாற்பதைத் தாண்டியிருப்பாள். அவள் இன்னொரு வாழ்க்கையை நினைத்தால் சட்டத்தில் என்ன வழி? விவாகரத்து வழக்குப் போடலாம் என்றால், காரணம் வன்மத்துடன் கைவிட்டுச் செல்லல். தன் கையால் ஒப்படைத்தவனை, என்னை விட்டுவிட்டு ஓடியவன் என்று அவள் சத்தியக்கடதாசி முடிக்கவேண்டும். அது உண்மையும் அல்ல. வன்மம் இருந்தது என்று நிரூபிக்கவும் முடியாது. 2010ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் மரணச் சான்றிதழ் எடுக்கலாம் என்றால், அவன் செத்துவிட்டான் என்று அவளே எழுதிக் கொடுத்ததாகும். 2016ஆம் ஆண்டுத் திருத்தத்தின் மூலம் வந்த காணக்கிடைக்காமைச் சான்றிதழ் சில நிர்வாக வேலைகளுக்கு உதவும். அது திருமணத்தைக் கலைக்காது.

மரணச் சான்றிதழ் எடுத்தால் மாமியார் பேசமாட்டார். மகன் உயிரோடு வருவான் என்று வீதியில் குந்தியிருக்கும் தாய் அவர். மருமகள் அவனைக் கடதாசியில் கொன்றுவிட்டாள் என்றுதான் அவர் எடுத்துக்கொள்வார். பிள்ளைகள் இரண்டாக நிற்பார்கள். அந்தச் சான்றிதழை எடுத்தால் காணாமல் ஆக்கப்பட்டமை பற்றிய விசாரணை அடிபட்டுப் போகும் என்ற அச்சம் வேறு. சட்டத்தரணி தனியாக இருந்து தீர்க்கக்கூடிய விடயமா இது? படிவத்தை நிரப்ப அவருக்குத் தெரியும். மாமியாரையும் மருமகளையும் ஒரு பாயில் இருத்தி, இந்தக் கடதாசி எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை என்று விளங்கப்படுத்த இன்னொருவர் வேண்டும். உளவளத்துணையாளருக்கோ அந்தக் கடதாசியின் சட்ட விளைவு தெரியாது. இருவரும் ஒரே நாளில், ஒரே வீட்டில் இருந்து பேசவேண்டிய வேலை இது. அப்படி நடந்த இடங்களில், மறுமணம் செய்வதில்லை என்ற முடிவுக்கு வந்த பெண்களும் இருக்கக்கூடும். அதுவும் அவர்களுடைய முடிவு.

இனி உளவளத்துணையாளர்களின் பக்கம். எங்களிடம் அந்தச் சேவை இல்லை என்று சொல்லமுடியாது. பிரதேச செயலகங்களில் உத்தியோகத்தர்கள் இருக்கிறார்கள். நீதி அமைச்சின் கீழ் நீதிமன்றங்களுக்கு நியமிக்கப்படும் குடும்ப ஆலோசகர்கள் இருக்கிறார்கள். மாவட்ட வைத்தியசாலைகளில் மனநலப் பிரிவுகள் இருக்கின்றன. யுத்தத்துக்குப் பிந்திய வன்னியை ஆராய்ந்த மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம், இங்கே நடந்ததைத் தனி ஆட்களின் மனவடுவாக மட்டும் பார்க்கக்கூடாது, குடும்பமும் ஊருமே காயப்பட்டிருக்கின்றன என்று 2010இலேயே எழுதினார். கூட்டு மனவடு என்ற அந்தப் பார்வை விவாகரத்து வழக்குகளில் இன்னும் வந்துசேரவில்லை. தடுப்பில் இருந்து வந்தவன் இரவில் திடுக்கிட்டு எழும்பிக் கத்துவதும், தலையில் சன்னத்துண்டோடு இருப்பவன் சின்னச் சத்தத்துக்கும் கை ஓங்குவதும், பிள்ளையைப் பறிகொடுத்தவள் கணவனைத் தொடவிடாமல் இருப்பதும் வழக்கேட்டில் வெறும் குணக்கேடாகத்தான் பதியப்படுகின்றன.

பிரச்சினை, உளவளத்துணை என்றால் சேர்த்துவைப்பது என்று எல்லோரும் நம்புவதில் இருக்கிறது. சேர்த்துவைத்தால் வெற்றி, பிரிந்தால் தோல்வி. மேலதிகாரியும் அப்படித்தான் எண்ணுகிறார், பெற்றோரும் அப்படித்தான் எதிர்பார்க்கிறார்கள். பிள்ளைகளுக்காகப் பொறுத்துக்கொள் என்ற வார்த்தை அந்த மேசையில் இருந்தே வருகிறது. ஆனால் பிள்ளைகளைப் பற்றிப் பல நாடுகளில் பல ஆண்டுகளாக நடந்த ஆய்வுகள் திரும்பத் திரும்பச் சொல்வது, பெற்றோர் பிரிவதைவிட அவர்களுக்கிடையில் ஓயாமல் நடக்கும் சண்டைதான் பிள்ளைகளைக் கூடுதலாகப் பாதிக்கிறது என்பது. பிரிந்தபின்னும் சண்டை தொடர்ந்தால் பிரிவால் வரும் நன்மையும் இல்லை.

சேர்த்துவைக்கும் முன் கேட்கவேண்டிய கேள்வி ஒன்று உண்டு. அடி விழுகிறதா? அதையும் இருவரையும் ஒன்றாக இருத்திவைத்துக் கேட்கக்கூடாது. தனியாகக் கேட்கவேண்டும். கணவன் பக்கத்தில் இருக்கும்போது இல்லை என்றுதான் பதில் வரும். உண்மையைச் சொன்னால் அன்று இரவு அதற்கும் சேர்த்து விழும். 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் நீதவானிடம் பாதுகாப்புக் கட்டளை பெறலாம். இடைக்காலக் கட்டளை 14 நாட்களுக்கு. முழுக் கட்டளை 12 மாதங்கள் வரை. அந்தக் கட்டளையோடு சேர்த்து ஆலோசனை பெறும்படியும் நீதவான் பணிக்கலாம். சட்டத்தரணியும் உளவளத்துணையாளரும் ஒன்றாக வேலை செய்வதற்குச் சட்டமே திறந்துவைத்த கதவு அது. வன்னியில் அந்தக் கதவை அதிகம் பேர் தட்டுவதில்லை. புருசனைக் கோட்டுக்கு இழுத்தவள் என்ற பெயர் வரும் என்ற பயம்தான்.

இன்னொரு கேள்வியையும் நேராகக் கேட்கப் பயப்படக்கூடாது: செத்துப்போகவேண்டும் என்று நினைக்கிறீர்களா? வழக்குத் தவணைக்கு முந்திய இரவும், பிள்ளையை மற்றவரிடம் கொடுத்துவிட்டு வந்த இரவும் ஆபத்தானவை. மருந்துப் போத்தலும் அலரி விதையும் எட்டும் தூரத்தில் இருக்கும் ஊர்கள் எங்களுடையவை. கேட்டால் எண்ணம் வந்துவிடும் என்பது பிழையான நம்பிக்கை, கேட்டால்தான் சொல்வார்கள். சட்டத்தரணிகளும் இதைக் கேட்கலாம். கேட்டுவிட்டு, 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்தையாவது எழுதிக் கொடுக்கலாம்.

இரகசியம் பற்றி ஒரு வார்த்தை. சட்டத்தரணியிடம் சொல்வதைச் சாட்சியக் கட்டளைச் சட்டம் காக்கிறது. பிரதேச செயலக உத்தியோகத்தரிடமோ தொண்டு நிறுவன ஆலோசகரிடமோ சொல்வதற்கு அதே அளவு பாதுகாப்புக் கிடையாது. வழக்கில் சாட்சியாக அழைக்கப்பட்டால் அவர் சங்கடத்தில் மாட்டுவார். ஆகவே தொடக்கத்திலேயே, எதை எழுதுவேன், எதை எழுதமாட்டேன், எது நீதிமன்றத்துக்குப் போகக்கூடும் என்பதைச் சொல்லிவிடுவது நேர்மை. ஒரே அறையில் நான்கு மேசை, நடுவில் மறைப்பும் இல்லை, பக்கத்து மேசையில் சமுர்த்திக்கு வந்த ஒன்றுவிட்ட மச்சாள் என்ற நிலையில் யார் வாயைத் திறப்பார்கள்? ஒரு திரைச்சீலை கட்டுவதற்குப் பெரிய நிதி ஒதுக்கீடு தேவையில்லை.

ஆண்களைப் பற்றியும் பேசவேண்டும். பராமரிப்புப் பணம் கட்டாதவனுக்குப் பிடியாணை, ஒவ்வொரு மாத நிலுவைக்கும் ஒரு மாதம் வரை மறியல் என்று சட்டம் சொல்கிறது. அரச சம்பளக்காரன் என்றால் சம்பளத்திலேயே கழித்துவிடலாம். மேசன் வேலை செய்பவன், கடலுக்குப் போபவன், அறுவடைக் காலத்தில் மட்டும் கையில் காசு காண்பவன் என்ன செய்வான்? உள்ளே போய்விட்டு வந்தால் வேலையும் போயிருக்கும். வேண்டுமென்றே ஏமாற்றுபவனுக்கு மறியல் சரி. மற்றவனுக்குப் போகத்துக்கு ஒருமுறை கட்டும்படியான தவணை ஏற்பாட்டை இரு சட்டத்தரணிகளும் சேர்ந்து கேட்டால் மனைவிக்கும் அதுதான் இலாபம். முன்னாள் போராளியாக இருந்து, புனர்வாழ்வு முடித்து வந்து, ஊரிலும் மதிப்பில்லாமல் வீட்டிலும் மதிப்பில்லாமல் போனவன் மாதர் சங்கத்துக்குப் போகமாட்டான். ஆலோசனைக்கு வா என்றால் எனக்கென்ன பைத்தியமா என்பான். அவனுக்குச் சொல்லக்கூடிய ஒரே இடம் தவறணை. அவனைத் தேடிப்போகும் ஒரு ஆண் உளவளத்துணையாளர் எங்கள் மூன்று மாவட்டங்களிலும் எத்தனை பேருக்குக் கிடைக்கிறார்?

வெளிநாட்டுக்குப் போய் அங்கேயே வேறு குடும்பம் வைத்துக்கொண்டவர்களின் மனைவிமார் தனிக் கதை. கணவன் இல்லாமலே ஒருதலைப்பட்சமாக விசாரித்துத் தீர்ப்புப் பெற வழி இருக்கிறது, அழைப்பாணை சேர்ப்பிப்பதில்தான் காலம் போகும் என்பதோடு இங்கே நிறுத்துகிறேன்.

பிள்ளைகளைப் பார்ப்பதற்கான ஏற்பாடு எங்கே நடக்கிறது என்பதை நான் கடைசிக்கு வைத்தது, அதுதான் என்னைக் கூடுதலாக உறுத்துவதால். பெற்றோருக்கிடையில் நம்பிக்கை இல்லாத சில வழக்குகளில் பிள்ளையைக் கையளிக்கும் இடமாகப் பொலிஸ் நிலையத்தையோ நீதிமன்ற வளாகத்தையோ குறிக்கிறார்கள். பாதுகாப்புக்காகத்தான். ஆனால் சீருடையைக் கண்டால் தாய் கையை இறுக்கிப் பிடிப்பதைப் பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு, சனிக்கிழமை தகப்பனைப் பார்க்கப் போகும் இடம் பொலிஸ் நிலையம்! அம்மம்மா வீடு இருக்கிறது, முன்பள்ளி இருக்கிறது, கோயில் மண்டபம் இருக்கிறது, வாசிகசாலை இருக்கிறது. அவுஸ்திரேலியாவில் 2006இல் இருந்து 65 குடும்ப உறவு நிலையங்களைத் திறந்து, நீதிமன்றத்துக்குப் போகும் முன் பெற்றோர் இருந்து பேச இடம் கொடுத்தார்கள். எங்களுக்கு 65 வேண்டாம். இரண்டு சட்டத்தரணிகளும் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரும் உடன்பட்டு ஒரு வாசிகசாலையின் பெயரை நீதிமன்றத்துக்குச் சொன்னால் போதும்.

இதைச் சொல்லும்போது, துணுக்காய், மாந்தை கிழக்குப் பக்கத்தில் இருந்து மாங்குளம் சுற்றி முல்லைத்தீவு மாவட்ட நீதிமன்றத்துக்கு அறுபது கிலோமீற்றருக்கு மேல் பஸ்ஸில் வரும் பெண்ணையும் நினைக்கவேண்டும். ஒரு தவணைக்கு ஒரு நாள் கூலி போகும். எதிராளியின் சட்டத்தரணி வரவில்லை என்று அடுத்த திகதி போடப்பட்டால் இன்னொரு நாள். வழக்குக் கட்டணம் மொத்தம் எவ்வளவு வரும் என்று முதல் நாளே சொல்லும் சட்டத்தரணி அந்தப் பெண்ணுக்குப் பாதி ஆறுதலைக் கொடுத்துவிடுகிறார். வருமானம் குறைந்தவர்களுக்குச் சட்ட உதவி ஆணைக்குழு இலவசமாக வழக்கெடுக்கிறது. 1978இல் இருந்து இருக்கும் நிறுவனம் அது. ஆனால் யாரிடமாவது கடன் வாங்கிக் கட்டணம் கட்டியபிறகுதான் எங்கள் சனம் அதைப் பற்றி அறிகிறது.

முதல் தடவை சட்டத்தரணியைக் காணப் போகிறவர்கள், இருப்பவற்றை ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு போங்கள்: திருமணச் சான்றிதழ், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்கள், இருவரின் அடையாள அட்டைப் பிரதிகள், காணி அனுமதிப்பத்திரம் அல்லது உறுதி, பொலிஸ் முறைப்பாட்டு இலக்கம், வைத்தியசாலைத் துண்டு, கடன் புத்தகம். திருமணச் சான்றிதழ் தொலைந்திருந்தால் கலியாணப் படம் ஒன்று, முகாம் பதிவு அட்டை, குடும்ப அட்டை எதுவானாலும் கொண்டுபோங்கள். அவற்றில் ஒன்றும் இல்லாவிட்டாலும் போங்கள். விவாகரத்துத் தீர்ப்பு வந்த அன்றே எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைக்கவும் வேண்டாம். முதலில் வருவது நைசித் தீர்ப்பு. குறைந்தது மூன்று மாதம் கழித்து அது முற்றாக்கப்பட்ட பிறகுதான் திருமணம் கலைகிறது. அந்த இரண்டாவது கடதாசியை எடுக்காமல் வீட்டுக்குப் போனவர்கள், வருடங்கள் கழித்து மறுமணப் பதிவுக்குப் போகும்போதுதான் அதைக் கண்டுபிடிக்கிறார்கள்.